இருப்புப்பாதை வளர்த்த எங்கள் இராயபுரம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் தோழியர் நால்வருடன் சேர்ந்து திரட்டிய செய்திகளைக் கொண்டு எழுதியது)

"தன் ஊரை அறியாதவர் உலகை அறிந்தும் பயன் என்ன?" என்று எங்கள் தமிழாசிரியை அடிக்கடி கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பொருள் இவ்வாண்டு நடந்த ஒரு வினாடி வினாப் போட்டியில்தான் எங்களுக்கு விளங்கிற்று.

நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கு நாங்கள் ஐவர் போட்டிக்குச் சென்றிருந்தோம். இறுதிச் சுற்று வரை முன்னேறியும் விட்டோம். அப்போது, "தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி எந்த நிலையத்திலிருந்து புறப்பட்டது?" என்ற வினா எங்களுக்கு வந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு துணிந்து, "சென்னை சென்ட்ரல்" என்றோம். "தவறு" என்றார் நடுவர். அடுத்த அணியில் இருந்த பெண் சற்றும் தயங்காமல், "இராயபுரம்" என்றாள். அரங்கமே கை தட்டியது. எங்களில் ஒருத்தி நாள்தோறும் திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வந்து அந்த இராயபுரம் நிலையத்தில்தான் இறங்குகிறாள்! மற்ற நால்வர் வீடும் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

தோற்றது பெரிதல்ல. போட்டி முடிந்து தேநீர் அருந்தும்போது ஒரு மாணவி, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "பாரிமுனைக்குப் பக்கம்" என்று மழுப்பினோம். இராயபுரம் என்று சொல்ல நா எழவில்லை. வடசென்னை என்றாலே மீன் நாற்றம், கரித்தூள், சண்டை, சச்சரவு என்று பலரும் நினைப்பதை நாங்கள் அறிவோம். அதை மறுத்துப் பேச எங்களிடம் ஒரு செய்திகூட இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.

மறுநாள் நடந்ததை எங்கள் வகுப்புச் சிஸ்டரிடம் கூறினோம். அவர்கள் கோபிக்கவில்லை. "தெரியாததைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆண்டு மலரில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளாவது தலைநிமிர்ந்து விடை சொல்லட்டும்" என்றார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

பெயர் வந்த வரலாறு

இயேசுவின் சீடர்களில் தலைவரான புனித பேதுருவைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் 'இராயப்பர்' என்றே அழைத்தனர். புனித பவுல் அவர்களுக்குச் 'சின்னப்பர்'. இன்றும் நம் பாட்டிமார் அப்படித்தான் சொல்வார்கள். இராயப்பர் வலை வீசிப் பிழைத்த மீனவர். கடலோடு வாழ்ந்த மக்கள் அவரைத் தம் பாதுகாவலராக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. அவர் பெயரால் அமைந்ததே இராயபுரம். இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829ஆம் ஆண்டு இவ்வூர்ப் படகோட்டிகளின் உழைப்பாலும் பொருளாலும் எழுந்தது.

யார் இந்தப் படகோட்டிகள்? அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். இடையில் மூன்று வரிசையாக மடிந்து விழும் அலைகள். ஆங்கிலேயரின் படகுகள் அந்த அலையில் சிக்கினால் சுக்கு நூறாகும். நம்மவர்கள் செய்த மசூலா படகோ உடையாது. அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்து இணைப்பார்கள். அலை மோதும்போது அது வளைந்து கொடுத்து மீளும். கவர்னரானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும் சென்னையில் கால் வைக்க வேண்டுமாயின் இந்தப் படகோட்டிகளின் தயவு வேண்டும். ஒரு பெரிய அரசின் வாணிபம் முழுவதும் இவர்கள் துடுப்பைத்தான் நம்பி இருந்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஏன் இராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

ரயில் என்றால் சென்னைக்கு முற்றிலும் புதியது அல்ல. 1837ஆம் ஆண்டிலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கற்களை ஏற்றி வர ஒரு சிறு இருப்புப்பாதை போடப்பட்டது. ஆனால் அது நீடிக்கவில்லை. மக்கள் ஏறிச் செல்லும் முதல் இந்திய ரயில் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு இரண்டாவது ரயில் ஓடிற்று. மூன்றாவதாகச் சென்னையின் முறை வந்தது. மதராஸ் இரயில்வே கம்பெனியார் 1853இல் வேலையைத் தொடங்கினர்.

நிலையத்தை எங்கே கட்டுவது? அந்நாளில் ஜார்ஜ் டவுனுக்குக் கருப்பர் நகரம் என்று பெயர். ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் அதைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினர். மதிலுக்காக வரி வசூலிக்க எண்ணியதால்தான் 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மதிலுக்குள் வணிகர்களும் வீடுகளும் நெருக்கமாக இருந்தபடியால் தண்டவாளம் போட இடமில்லை. மதிலின் வடக்கு வாசலுக்கு வெளியே இராயபுரத்தில் திறந்த வெளி இருந்தது. கடற்கரையும் அருகில். வணிகர்கள் வாழும் இடமும் அருகில். படகிலிருந்து இறங்கும் சரக்கை அப்படியே வண்டியில் ஏற்றலாம். உள்நாட்டுப் பருத்தியும் தோலும் அவுரியும் வந்தால் அப்படியே படகில் இறக்கலாம். ஆகவே படகோட்டிகளின் ஊரே ரயிலின் ஊராயிற்று.

1856 ஜூன் 28ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1ஆம் நாள் முதல் மக்கள் பயணம் தொடங்கியது. ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரம். மாட்டு வண்டியில் நாள் கணக்கில் போக வேண்டிய இடத்துக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மக்கள் எப்படி வியந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! 1862ஆம் ஆண்டில் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூரை எட்டியது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இராயபுரத்தில் ஏறியவர் அரபிக் கடலையும் பார்க்கலாம், பம்பாயையும் பார்க்கலாம் என்றாயிற்று.

ரயில் நேரத்தையும் மாற்றியது. முன்பெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம். ரயில்கள் ஊர் விட்டு ஊர் ஓடும்போது இது குழப்பம் தந்தது. ஆகவே சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தையே நாடெங்கும் ரயில்வே நேரமாகக் கொண்டனர். 1906இல் இந்தியாவுக்கு ஒரே பொது நேரம் வரும்வரை பம்பாயில் ரயில் புறப்பட்டாலும் அது நம் சென்னைக் கடிகாரத்தின்படிதான் புறப்பட்டது.

பெருமை வந்தது, போனது

பம்பாயிலும் தாணாவிலும் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் இன்றும் நின்று பயன்படும் மிகப் பழைய ரயில் நிலையம் என்று இராயபுரம் போற்றப்படுகிறது. உயர்ந்த தூண்களும் அகன்ற முகப்பும் கொண்ட அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சிதைந்து கிடந்தது. 2005ஆம் ஆண்டில் அதைப் பழுது பார்த்துச் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டினார்கள்.

ஏன் சிதைந்தது? கூட்டம் பெருகப் பெருக இராயபுரத்தில் இடம் போதவில்லை. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. கடற்கரைப் பாதை தெற்கே நீண்ட பிறகு பெரிய வண்டிகள் எல்லாம் சென்ட்ரலுக்கே போய்விட்டன. 1908இல் எழும்பூர் நிலையமும் வந்தது. அதே ஆண்டில் பிறந்த மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் தலைமை அலுவலகம் மட்டும் இராயபுரத்தில் இருந்தது. 1922இல் அதுவும் இடம் மாறிற்று. 1951 ஏப்ரல் 14ஆம் நாள் மூன்று கம்பெனிகள் சேர்ந்து தென்னக இரயில்வே உருவானபோது, தொடங்கி வைத்த ஊர் ஒரு சாதாரண நிறுத்தமாக நின்றது.

எங்களில் ஒருத்தியின் தாத்தா நீராவி இஞ்சினில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். அவரைச் சென்று பார்த்தோம். "கரி வாரிப் போட்டே கை காய்ச்சுப் போச்சு பாப்பா. இப்ப இருக்கிற பிள்ளைங்க ஸ்விட்சைத் தட்டினா வண்டி போவுது. எங்க காலத்துல இஞ்சின் உயிருள்ள சீவன் மாதிரி. தண்ணி கேக்கும், கரி கேக்கும், மூச்சு விடும்" என்று கூறி உள்ளங்கையைக் காட்டினார். "தாத்தா, இராயபுரம் ஸ்டேஷன் மேல உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பெத்த தாயி கிழவியானா, புள்ளைங்க வந்து பார்த்தா போதும்" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. நாங்கள் தினமும் அந்தத் தாயைத் தாண்டித்தானே போகிறோம்!

ரயிலின் பின்னே வந்த ஆலைகள்

தண்டவாளம் ஒன்று வந்தால் அதைத் தொடர்ந்து நூறு தொழில் வரும். ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கப் பெரம்பூரில் 1856ஆம் ஆண்டிலேயே பட்டறை வந்தது. அதே பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் நாள் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். இன்று இந்தியாவெங்கும் ஓடும் வந்தே பாரத் வண்டிகளும் முதன்முதலில் அங்குதான் பிறந்தன.

ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐவரும் எங்களில் ஒருத்தியின் அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இராயபுரத்தில் மின்சார ரயில் ஏறி எண்ணூர் வரை சென்றோம். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். இந்தப் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே ஒரு சரித்திரப் புத்தகம் படித்தது போல் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை என்பது கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் ஊர். விம்கோ நகர் என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயர். ஆலையின் பெயரே ஊரின் பெயராகி, 2021ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்கும் பட்டினத்தார் அடங்கிய இடத்துக்கும் பேர் பெற்ற பழம்பதி. அங்குதான் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் இந்திய இராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது. 2017இல் மூடப்பட்டது. 2001இல் எண்ணூரில் நிலக்கரிக்கென்றே ஒரு பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. இப்போது அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது.

ஆலைகள் வந்ததால் தொழிலாளர் வந்தனர். தொழிலாளர் வந்ததால் அவர்கள் உரிமையும் பேசப்பட்டது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் அது ஒன்று. எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று நம் தந்தையரும் அண்ணன்மாரும் இன்று அனுபவிப்பவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. நம் பக்கத்துத் தெருக்களில் பட்டினி கிடந்து பெற்றவை.

இவ்வூரின் குணம்

இராயபுரத்தின் குணம் என்ன என்று கேட்டால், "வந்தவரை இருக்கச் சொல்வது" என்று நாங்கள் விடை கூறுவோம். மீனவர், தெலுங்கு பேசும் வணிகர், உருது பேசும் முஸ்லிம்கள், ரயிலில் டிரைவர்களாகவும் கார்டுகளாகவும் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர், வடஆற்காட்டிலிருந்து ரயிலேறி வேலை தேடி வந்தவர் என எல்லோரும் இங்கே கலந்திருக்கின்றனர். பார்சிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு நிலம் வாங்கினார்கள். 1910இல் அவர்கள் கட்டிய நெருப்புக் கோயில் இராயபுரத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பார்சிகளுக்கு அது ஒன்றுதான் வழிபாட்டு இடம்.

பசித்தவருக்குச் சோறு போடுவதும் இவ்வூரின் குணம். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே நாளடைவில் மருத்துவமனையாக வளர்ந்தது. அதனால் ஸ்டான்லி மருத்துவமனையை நம் பெரியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கிறார்கள். 1938இல் அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இராஜா சர் இராமசாமி முதலியார் பெயரால் அமைந்த பிரசவ மருத்துவமனையோ இன்னும் அணுக்கமானது. இக்கட்டுரைக்காக உழைத்த எங்கள் ஐவரில் மூவர் பிறந்ததே அங்குதான்!

அரசியலிலும் இராயபுரத்துக்கு இடம் உண்டு. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் இங்குள்ள ராபின்சன் பூங்காவில் நடந்தது. இப்போது அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர்.

விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் தம்பிமார் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். தெருவுக்குத் தெரு கேரம் பலகை உள்ள பகுதி இது. வடசென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக கேரம் பட்டம் வென்று, அருச்சுனா விருதும் பெற்றார். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். எங்களைவிட ஓரிரு வயதே மூத்தவர். அவரிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மழுப்பியிருப்பாரா?

மணல் சொல்லும் பாடம்

இவ்வூரின் பெருமையை மட்டும் எழுதினால் அது உண்மையாகாது. வலியையும் எழுத வேண்டும்.

1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டி, கப்பல் சரக்கை இறக்கினர். பின் 1875 டிசம்பரில் இங்கிலாந்தின் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் சுவர்களைச் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் அடைத்துக்கொண்ட கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புது வாயில் திறந்து துறைமுகத்தை நிலைநிறுத்தினார். கப்பல்கள் கரைக்கே வரத் தொடங்கின. அன்றோடு மசூலா படகோட்டிகளின் தொழில் முடிந்தது. நகரம் வளர்ந்த அதே சுவர், நகரைத் தாங்கியவர்களின் துடுப்பைப் பறித்தது.

அது மட்டுமன்று. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும் பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் கரையோர மணல் ஓர் ஆறு போலத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. புவியியல் பாடத்தில் நாம் படித்ததுதான். அந்த மணல் ஆற்றின் குறுக்கே துறைமுகச் சுவர் நின்றவுடன் தெற்கே மணல் குவிந்தது. மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவு நின்றது. அலையோ அரிப்பதை நிறுத்தவில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. உலகமே வந்து பார்க்கும் மெரினாவின் அகலத்தில் நம் கரையின் பங்கும் இருக்கிறது.

காசிமேட்டில் வலைக்குப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் இதைக் கேட்டோம். "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. எங்க அம்மா ஊடு இருந்த எடத்துல இப்ப கல்லு கெடக்குது, கல்லுக்கு அந்தாண்ட தண்ணி கெடக்குது. அவ்ளோதான்" என்றார். கரையைக் காக்க நெடுகப் போடப்பட்டுள்ள பாறைக் குவியல்களையே அவர் சுட்டிக் காட்டினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலும் இக்கரை துன்புற்றது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவரின் படகும் வலையும் கரி பூசியது போலாயின. நகருக்கு மின்சாரமும் பெட்ரோலும் போகும் வழியில்தான் நாம் வாழ்கிறோம். வெளிச்சம் எல்லோருக்கும் கிடைத்தது. சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆயினும் நல்ல மாற்றமும் நிகழாமல் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் திறந்த வெளியில் குவிக்கப்பட்ட காலத்தில் இராயபுரத்து வீடுகளில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 2011இல் அங்கு நிலக்கரி கையாள்வது நிறுத்தப்பட்டது. மக்கள் விடாமல் கேட்டால் காற்றும் மாறும் என்பதற்கு இது சான்று.

கடல் கடந்து ஓர் உறவு

இராயபுரத்தைப் போலவே ரயிலால் வளர்ந்த ஊர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் நடுமேற்கே இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்ற சிறு நகர் இருக்கிறது. 1837இல் ஒரு பாதிரியார் கல்லூரி நிறுவ எண்ணி உண்டாக்கிய ஊர். அங்கே 1854இல், அதாவது நமக்கு இரண்டே ஆண்டுகள் முன்னர், ரயில் வந்தது. நாலா திசையிலிருந்தும் வேலை தேடி மக்கள் வந்தனர். ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்து ரயில்வே கொல்லுப் பட்டறையில் வேலை செய்த ஒருவரின் மகன்தான் பின்னாளில் பெரும் கவிஞராகப் புகழ் பெற்ற கார்ல் சாண்ட்பர்க். அவர் பிறந்த சிறு வீட்டை அவ்வூரார் இன்றும் போற்றிக் காக்கின்றனர்.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ரயில்வே தொழிலாளியின் வீட்டிலிருந்து ஒரு கவிஞர் அங்கே வந்தார் என்றால், இங்கே வர ஏன் கூடாது? நம் வகுப்பறைகளில் கலாசியின் மகளும், கேங்மேனின் பேத்தியும், வலை தைப்பவரின் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம் அல்லவா?

நாம் செய்யக் கூடியது

இராயபுரத்தை மீண்டும் பெரிய முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருந்து வருகிறது. அதை முடிவு செய்வது பெரியவர்கள் பொறுப்பு. ஆனால் நம்மால் ஆகக் கூடியவையும் உண்டு. எங்கள் வேண்டுகோளின் பேரில் சிஸ்டர் ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் நிலையத்துக்கு அழைத்து வர இசைந்தார்கள். நாங்கள் ஐவரும் வழிகாட்டிகளாக இருந்தோம். தூண்களைத் தொட்டுப் பார்த்த ஒரு சிறுமி, "அக்கா, நம்ம ஸ்டேஷன் இவ்வளவு பழசா? எங்க தாத்தாவை விடவா?" என்று கேட்டாள். "உன் தாத்தாவின் தாத்தாவை விட" என்றோம். அவள் வாயில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அன்று ஃபயர்மேன் தாத்தாவையும் அழைத்து வந்திருந்தோம். அவர் நடைமேடையின் ஓரத்தில் நின்று, வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அன்பார்ந்த பெற்றோர்களே! உங்கள் வீட்டில் ரயிலிலோ, துறைமுகத்திலோ, ஆலையிலோ, கடலிலோ உழைத்த முதியவர் இருந்தால், அவர் கூறும் பழங்கதைகளைப் பிள்ளைகள் கேட்க வழி செய்யுங்கள். அவை புத்தகத்தில் இல்லாத பாடங்கள். அன்புத் தங்கைகளே! அடுத்த ஆண்டும் வினாடி வினாப் போட்டிகள் வரும். வெல்லவும் செய்யலாம், தோற்கவும் செய்யலாம். ஆனால் தேநீர் வேளையில் யாராவது, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம்.

நாங்களும் இனி மழுப்ப மாட்டோம். தெற்கே ஓடும் ரயில்களுக்கெல்லாம் தாய்வீடான இராயபுரமே எங்கள் ஊர்.

வாழ்க இராயபுரம்! வளர்க அதன் உழைக்கும் மக்கள்!